அரித்தாவின் பீங்கான் கிண்ணங்கள்

ஜப்பானியர் உணவருந்தும்போது, அனைவர்க்கும் பொதுவான காய்கறியையோ மீனையோ பெரியதொரு கிண்ணத்திலிட்டு நடுவே வைப்பதுண்டு. இத்தகைய கிண்ணத்தை 'ஹாச்சி' என்பர். அதன் வெண்மையான உட்புறத்தில் நீலக் கொடிகளும் மலர்களும் கையால் தீட்டப்பட்டிருக்கும். உணவு குறையக் குறைய அவ்வோவியம் மெல்ல வெளிப்படும். காண்பதற்கு இத்துணை அமைதியாக விளங்கும் இக்கலத்தின் வரலாறோ போரில் தொடங்குகின்றது.

ஹிதேயோஷி என்னும் தலைவர் 1592இலும் 1597இலும் கொரியாவின்மீது படையெடுத்தார். 1598இல் அவர் இறந்தபின் படைகள் திரும்பின. அக்காலத்தில் கொரியக் குயவர் பலரை ஜப்பானியச் சிற்றரசர்கள் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். அவர்களுள் ஒருவரான யி சாம்பியோங், கியூஷு தீவிலுள்ள அரித்தாவில், இஸுமியாமா என்னுமிடத்தில் 1616ஆம் ஆண்டில் பீங்கானுக்கேற்ற கல்லைக் கண்டுபிடித்தார் என்பது வழிவழி வந்த செய்தி. ஆம், கல்தான்! அதை இடித்துப் பொடியாக்கி, நீரில் கரைத்துத் தெளியவைத்து எடுக்கும் களிமண்ணே பீங்கானாகிறது.

சூளைகள் பெருகின, விறகுக்காக மலைக்காடுகள் அழிந்தன. ஆகவே 1637இல் அந்நாட்டு ஆட்சியாளர் 800க்கு மேற்பட்ட ஜப்பானியரைக் குயத்தொழிலிலிருந்து விலக்கினர். அயல்நாட்டிலிருந்து வந்தவர் தொழிலில் நிலைக்க, உள்நாட்டவர் வெளியேற நேர்ந்தது விந்தையன்றோ?

இனி, ஓவியம் தீட்டும் முறையைக் காண்போம். வனைந்து உலர்ந்த கிண்ணத்தை முதலில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுடுவர். அப்போது அது காய்ந்த செங்கல்லைப்போல் நீரை உறிஞ்சும். அதன்மேல் கோபால்ட் கலந்த மையால் கோடு வரைவார் ஒருவர். உறிஞ்சப்பட்ட கோட்டை எளிதில் அழிக்க இயலாது. ஆதலின் கை தயங்கலாகாது. கோடுகளின் இடைவெளியை நிரப்புவார் மற்றொருவர். பருத்த தூரிகையில் நீர்த்த மையை நிறைத்து, துளி வழியாமல் நகர்த்திச் செல்லும் இவ்வேலையில் பெண்கள் பெரிதும் ஈடுபட்டு வந்தனர். எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுவே: தீட்டும்போது மை நீலமாக இராது, கருமையாகவே தோன்றும். பின்னர்க் கண்ணாடிப் பூச்சுக் குழம்பில் முக்கியதும், வெண்படலத்தின்கீழ் ஓவியமே மறைந்துவிடும். ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் அப்படலம் உருகித் தெளிந்தபிறகே நீலம் பிறக்கும். தம் கைவண்ணத்தின் உண்மை நிறத்தைத் தீட்டியவர் சூளை திறந்த பின்னரே காண்பார்.

சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆகிய வண்ணங்களைப் பூச்சின்மேல் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடும் முறை 1640களில் அரித்தாவில் வேரூன்றியது. அதனோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் காக்கியேமோன். வெண்மையைப் பெரும்பகுதி வெறுமையாகவே விட்டு, ஓரத்தில் ஒரு கிளை, ஒரு பறவை என வரைவது அக்குடும்பத்தார் பாணி.

1644இல் சீனத்தில் மிங் அரசு வீழ்ந்தது. சீனப் பீங்கான் கிடைப்பது அரிதாகவே, டச்சு வணிகர் அரித்தாவை நாடினர். 1659இல் பெருமளவில் கலங்கள் வேண்டினர். இமாரித் துறைமுகத்தின் வழியே அவை சென்றதால் ஐரோப்பாவில் 'இமாரி' என்றே பெயர் பெற்றன. ஜெர்மனியில் 1710இல் தோன்றிய மைசென் தொழிற்சாலை காக்கியேமோன் பாணியைப் பார்த்தே பல கலங்களைச் செய்தது.

அரித்தாவின் தோசான் கோயிலுக்குப் பின்னுள்ள குன்றின்மேல் யி சாம்பியோங்குக்கு 1917இல் நினைவுத்தூண் எழுப்பினர். அக்கோயிலில் 1888இல் நிறுவிய நுழைவாயிலும் பீங்கானே. அதன் தூண்களிலும் நீலக் கொடிகள் படர்கின்றன.