சுவரில் ஏறிய கதைகள்

காஞ்சிபுரத்து வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வரும் யாத்ரிகர்களில் பெரும்பாலோர், மூலவரைச் சேவித்த திருப்தியோடு திரும்பிவிடுகிறார்களேயன்றி, திருச்சுற்றுச் சுவர் நெடுகிலும் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் கதையை நின்று பார்ப்பதில்லை. பல்லவ அரசன் ஒருவன் சந்ததியின்றி மாண்டுபோக, மந்திரிகளும் நகரத்துப் பெரியோரும் பல்லவ குலத்தின் கிளைவழியினனான இரணியவர்மனிடம் சென்று, நாடாளப் பிள்ளை ஒருவனைத் தரும்படி பிரார்த்திக்கிறார்கள். மூத்த குமாரர்கள் மூவரும் மறுத்துவிட, 12 வயதே ஆன கடைக்குட்டி தான் போவதாக முன்வந்து, மலையும் நதியும் வனமும் கடந்து காஞ்சிக்கு வந்து முடிசூடிக்கொள்கிறான். அவனே 8-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை எடுப்பித்த இரண்டாம் நந்திவர்மன். பாட்டிமார் சொல்லும் ராஜகுமாரன் கதைக்கும் இச்சரித்திரத்துக்கும் என்ன பேதம்? தன் பட்டத்துரிமையை ஊரறிய ஸ்தாபிக்கும் ராஜதந்திரமே அரசனுடைய நோக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், எழுத்தறியாத சிறுவனும் சித்திரத்தைத் தொடர்ந்து நடந்தே கதையைக் கிரகித்துக்கொள்ளும்படி அதைச் சுவரில் அமைத்தவன் சிற்பிதான்.

மாமல்லபுரத்தில் ‘அர்ச்சுனன் தபசு’ என்று வழங்கும் பெரும் பாறைச் சிற்பத்திலோ, தேவர்களும் நாகர்களும் நிறைந்த அந்தக் காட்சியின் அடியில், யானையின் காலருகே, ஒரு பூனை முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்ய, எலிகள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. மகாபாரதத்திலும் இடம்பெற்ற கள்ளத் தபசிப் பூனையின் கதை அது. மேலே தவமிருக்கும் முனிவரையே பரிகசிப்பது போன்ற இந்த விநோதத்தைப் பெரியவர்களுக்குக் கைகாட்டி விளக்கவேண்டியிருக்க, குழந்தைகள் தாமாகவே கண்டுபிடித்துக் கூவுகிறார்கள்.

இக்காலத்தில் குழந்தைகளுக்கென்றே சுவர்ச் சித்திரம் தீட்டப்படும் இடம், ஜனங்கள் இன்றும் பால்வாடி என்றே அழைக்கும் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று மத்திய சர்க்கார் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் எழுந்த இம்மையங்களின் சுவர்களில் அகரவரிசையும் கனிவர்க்கங்களும் இருக்கும். வடை திருடிய காக்கையும் நரியும் இருக்கும். இப்போது தொலைக்காட்சிச் சித்திரப் பாத்திரங்களும் குடியேறியிருக்கின்றன. அவற்றின்மேல் எனக்குத் துவேஷமில்லை. ஆனால், பட்டுப் புடவைக் கரையில் மயிலும் அன்னமும் யாளியும் உருவாவதைத் தறியருகே தவழும்போதே பார்த்து வளரும் நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கு, தன் ஊர்க் கதையின் கடைக்குட்டி இளவரசனை ஒரு சுவரிலேனும் காட்டாதிருப்பது நம் உதாசீனமே. அக்குழந்தைகளின் முன் தலைமுறையினர் பலருக்குப் பால்வாடிப் பருவம் கடந்ததும் விளையாட்டே வாய்க்கவில்லை; கரையை வேறு நிறத்தில் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டியிருந்தமையால், ஒரு பக்கத்துக் கரை நாடாவை எறியத் தறியில் உட்கார வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரே.

லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் 1912-ஆம் ஆண்டு முதல் நிற்கும், குழந்தைக் கதை நாயகன் பீட்டர் பான் சிலையின் அடிப்பீடத்து முயல்களும் எலிகளும், தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் தடவித் தடவிப் பளபளப்பேறியிருக்கின்றன. எட்டும் உயரத்தில் இருந்ததே காரணம். நம் அங்கன்வாடி மையங்கள் பலவற்றில் சித்திரம் ஜன்னலுக்கு மேலேயும், அதற்குக் கீழே ஒரு நீதி வாக்கியமும் இருக்க, குழந்தையின் கைக்கெட்டும் அடிச்சுவரோ அழுக்குத் தெரியாதிருக்கும் பொருட்டு ஒரே கருவண்ணமாகப் பூசப்பட்டுவிடுகிறது. கட்டடத்தையே பாடசாதனமாக்கவேண்டும் என்ற கொள்கையுடைய கட்டடக் கலைஞர்கள், அந்த அடிச்சுவரைத்தான் குழந்தை கிறுக்குவதற்கான கரும்பலகையாக்கச் சொல்கிறார்கள். நீதி வாக்கியத்தை அழித்துவிட்டுப் மாமல்லபுரத்துப் பூனையையும் எலிகளையும் அடிச்சுவருக்கு இறக்கி வைப்பதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது. வர்ணம் பூசுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.