டில்லிக் குளிரில் குட்டி டாஃபடில்

டில்லியில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு நவம்பர் வந்துவிட்டால் இரண்டு கவலைகள். ஒன்று, டிரங்குப் பெட்டியில் இருக்கும் ரஜாய்களை எடுத்து வெயிலில் காயப்போடுவது. மற்றொன்று பூ. 'பேலா' என்று இங்கே சொல்லுகிற நம் மல்லிகை, கோடையெல்லாம் பூத்துவிட்டுக் குளிர் தொடங்கியதும் கடையைக் கட்டிவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்கு இதில் பெரிய குறை. "மார்கழி மாசம் பிள்ளையாருக்கு வாசனையா ஒரு பூ உண்டா இந்த ஊர்ல?" என்பார்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இரண்டாவது மாடி பால்கனியில் நர்கிஸ் வைத்தேன். வெள்ளை இதழ்கள், நடுவில் சிறு கிண்ணம், ஒரே தண்டில் கொத்தாகப் பல பூக்கள், அறையை நிறைக்கிற வாசனை. உருதுக் கவிஞர்கள் கண்ணுக்கு உவமை சொல்லும் பூ இதுதான். இந்தி நடிகை நர்கிஸின் திரைப்பெயரும் இந்தப் பூவின் பெயரே. காஷ்மீரியில் இதற்கு 'யெம்பர்ஸல்' என்று பெயர். வண்டும் யெம்பர்ஸலும் காதலிக்கிற கதையை வைத்து தீனாநாத் நாதிம் 1953-ல் ஓர் இசை நாடகமே எழுதியிருக்கிறார்.

நர்கிஸ் வளர்ப்பது சுலபம். மண்கூட வேண்டாம். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல்லைப் பரப்பிக் கிழங்குகளை உட்காரவைத்து, அடிப்பாகத்தைத் தொடுகிற அளவு தண்ணீர் விட்டால் போதும். 'பேப்பர் ஒயிட்' என்ற வகை ஐந்தாறு வாரத்தில் பூத்துவிடும். தண்டு மிக உயர்ந்து சாய்வதுதான் தொல்லை. வேர் விட்டபின் தண்ணீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஆல்கஹால் கலந்தால் செடி குட்டையாக நிற்கும் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2006-ல் கண்டு சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சோதனைக்கு அனுமதி கிடைக்கவில்லை.

வம்பு வந்தது அடுத்த வருஷம், குட்டி டாஃபடிலால். நர்கிஸும் டாஃபடிலும் 'நார்சிஸஸ்' என்ற ஒரே இனம். பெரிய டாஃபடில் முழங்கால் உயரம் வளரும். குட்டி வகைகள் ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிடும். பால்கனித் தொட்டிக்கு என்றே செய்தாற்போல் இருக்கும். அதிகம் விற்பது 'டெட்-ஆ-டெட்' என்ற ரகம். பிரெஞ்சில் 'தலையோடு தலை', அதாவது இருவர் தனியே பேசிக்கொள்வது என்று பொருள். ஒரே தண்டில் பெரும்பாலும் இரண்டு மஞ்சள் பூக்கள், பேசுவதுபோலவே நிற்கும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் அலெக் கிரே என்பவர் 1940-களில் உருவாக்கிய ரகம் இது. இதுவும் 'ஜம்ப்ளி' என்ற இன்னொரு புகழ்பெற்ற ரகமும் ஒரே காயின் விதைகளிலிருந்து வந்த உடன்பிறப்புகள்.

இந்தக் குட்டிக்கு நர்கிஸைப் போல் விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது. குளிர் வேண்டும் என்று அடம்பிடிக்கும். பூமொட்டு முந்தைய கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. ஆனால் பல வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் தண்டு நீண்டு அந்த மொட்டு மேலே வரும். இல்லாவிட்டால் இலை மட்டும் வரும், மொட்டு உள்ளேயே கருகிவிடும். மலைப்பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. டில்லியில் அக்டோபர் மாதம் நர்சரிக்குக் கிழங்கு வரும்போது நாம் இன்னும் மின்விசிறி போட்டுக்கொண்டிருப்போம். ஆகவே வாங்கியதும் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறிலிருந்து எட்டு வாரம் வைக்கவேண்டும். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக்கூடாது. பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். நவம்பர் கடைசியில் தொட்டியில் நட்டுவிட்டால் மீதிக் குளிரை டில்லியே பார்த்துக்கொள்ளும்.

நானும் அப்படித்தான் வைத்தேன். பதினைந்து கிழங்குகள், பழுப்பு நிறக் காகிதப் பையில். பைமேல் ஒன்றும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

குட்டி டாஃபடிலின் கிழங்கு எப்படி இருக்கும் தெரியுமா? பழுப்புத் தோல், உருண்டை அடி, கூர் முனை. அசல் சாம்பார் வெங்காயம். இங்கே சாம்பார் வெங்காயத்துக்காக நாம் ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை அலைகிறவர்கள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பையைப் பார்த்த அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்! பிள்ளை கேட்காமலே வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்து, வெங்காய சாம்பாருக்குப் புளியைக் கரைத்து அடுப்பில் வைத்துவிட்டார். நான் பாதி ஷேவிங்கில் இருந்தேன்.

"ஏம்ப்பா, உரிச்சா கண்ணுல தண்ணியே வரலையே. கையெல்லாம் வழவழன்னு ஒட்டுது. இது எந்த ஊரு வெங்காயம்?"

முகத்துச் சோப்பு நுரையோடு ஓடினேன். ஐந்து கிழங்குகள் உரித்துத் தட்டில் இருந்தன. வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் கழித்துக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்போது என் இளைய மகளுக்கு நான்கு வயது.

நார்சிஸஸ் கிழங்கில் 'லைகோரின்' என்ற நஞ்சு இருக்கிறது. பூவிலும் இலையிலும் உண்டு என்றாலும் கிழங்கில்தான் அதிகம். தின்ற சிறிது நேரத்திலேயே கடும் வாந்தி, வயிற்றுவலி, பேதி. கொதிக்கவைத்தாலும் போகாது. இங்கிலாந்தில் 2009-ல் ஒரு பள்ளியில் தோட்டத்து வெங்காயத்தோடு டாஃபடில் கிழங்கு ஒன்றும் கலந்து சூப்பில் போய், குடித்த குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும் என்றாலும் சிறு குழந்தைகளும் வயதானவர்களும் வாந்தியால் துவண்டுபோவார்கள். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போகவேண்டும். நாய், பூனைக்கும் ஆகாது.

அடையாளம் அம்மா கண்டுபிடித்ததுதான்: வெங்காயத்தின் காரமான நெடி இதற்கு இல்லை. இத்தனைக்கும் இரண்டும் உறவு. தாவரவியல் அறிஞர்கள் 2009-ல் செய்த வகைப்பாட்டில் வெங்காயம், பூண்டு இரண்டையும் நார்சிஸஸ் இருக்கும் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டார்கள். சாற்றில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருப்பதால் தோலும் அரிக்கும். அன்று மாலை வரை அம்மா விரலைச் சொறிந்துகொண்டே இருந்தார். நிறையக் கிழங்குகளைக் கையாளுகிறவர்கள் உறை போட்டுக்கொள்வது நல்லது. வெட்டிய பூவை மற்ற பூக்களோடு ஒரே ஜாடியில் வைத்தாலும் அதன் சாறு மற்றவற்றை வாடவைத்துவிடும்.

மிஞ்சிய பத்தையும் நட்டேன். தோட்டமண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. ஆறு அங்குலத் தொட்டிக்கு ஐந்து கிழங்கு, கூர் முனை மேலே பார்த்தபடி, கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு மண் மேலே இருக்கும்படி. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஜனவரி மூடுபனியில் பச்சை இலை எட்டிப்பார்த்தது. பிப்ரவரி இரண்டாம் வாரம் எட்டுக் கிழங்குகள் பூத்தன. ஹீட்டர் இருக்கும் அறைக்குள் கொண்டுபோகாமல், மேற்கு வெயில் படாமல் வைத்ததில் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. வாசனை மட்டும் நர்கிஸில் பாதிகூட இல்லை. அம்மா குனிந்து முகர்ந்துவிட்டு, "பார்க்க லட்சணமாத்தான் இருக்கு" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

பூ வாடியதும் தலையை மட்டும் கிள்ளிவிட்டு, இலையைத் தானாக மஞ்சளாகும்வரை விடவேண்டும். அடுத்த வருஷத்து மொட்டுக்கான சாப்பாடு அந்த இலையில்தான் தயாராகிறது. ஏப்ரல் வெயிலில் இலை காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி நிழலில் உலர்த்தி, வலைப்பையில் காற்றாடத் தொங்கவிடலாம். டில்லிக் கோடையைத் தாண்டி மறுவருஷம் பூப்பது குறைவுதான். என்னுடைய பத்தில் இரண்டே பூத்தன. நர்கிஸ் இதைவிடத் தாக்குப்பிடிக்கும்.

இப்போதெல்லாம் பூக்கிழங்கு எங்கள் ஃப்ரிட்ஜில் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில், காற்றுக்குத் துளைகளோடு, மேல்தட்டின் மூலையில் இருக்கிறது. காய்கறி இருக்கும் பக்கமே விடுவதில்லை. டப்பாமேல் சிவப்பு மையில் 'விஷம், சமையலுக்கு அல்ல' என்று தமிழில் எழுதியிருக்கிறேன். காய் நறுக்கித் தருகிற பெண்மணிக்காக இந்தியிலும் எழுதச்சொன்னது அம்மா.