பாதிப் பேருக்கு ஏன் போலி மருந்து?

"மறதி நோய்க்குப் புது மருந்து வந்திருக்காமே, டாக்டர்! போட்டா அப்பா பழையபடி ஆயிடுவாரா?"

அல்ஸைமர் நோயாளி இருக்கிற வீடுகளில் எழுகிற கேள்வி இது. பதில் சொல்வதற்கு முன், அந்த மருந்தை எப்படிச் சோதித்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

மருந்தின் பெயர் லெகானிமாப். அல்ஸைமர் வந்தவர்களின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிகிறது. அதை அகற்றுவதுதான் இதன் வேலை. செத்துப்போன மூளை செல்களை இது உயிர்ப்பிக்காது. அதனால்தான் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். பல நாடுகளிலிருந்து மொத்தம் 1795 பேர். வயது 50 முதல் 90 வரை.

இது அநியாயம் இல்லையா?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். மொத்தம் 18 மாதம். பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி டிரிப்ஸ்! யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கிற டாக்டருக்கும் தெரியாது.

'பாவம், நோயாளியை இப்படி ஏமாற்றலாமா?' என்று தோன்றுகிறதா? இது ஏமாற்று இல்லை. போலி மருந்தும் கிடைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் சேர்ப்பார்கள். காரணமும் இருக்கிறது. இந்த நோயில் இன்றைக்குப் பேரன் பெயர் ஞாபகம் வரும், நாளைக்கு வராது. மருந்து போட்டாச்சு என்ற நம்பிக்கையிலேயே, "இப்போ பரவாயில்லை" என்று வீட்டில் சொல்லத் தோன்றும். டாக்டருக்கும் அந்த ஆசை வரும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இல்லாவிட்டால் எது நிஜம், எது ஆசை என்று பிரிக்கவே முடியாது.

முடிவு என்ன?

2022-ல் முடிவு வெளியானது. நினைவு, அன்றாட வேலைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற 18 புள்ளி அளவுகோல் ஒன்று உண்டு. புள்ளி ஏறினால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம். போலி டிரிப்ஸ் பிரிவில் சராசரியாக 1.66 புள்ளி ஏறியது. மருந்துப் பிரிவில் 1.21. அதாவது, இரண்டு பக்கமும் நோய் வளர்ந்தது. மருந்துப் பக்கம் கொஞ்சம் மெதுவாக! '27 சதவிகிதம் குறைவு' என்று பேசப்பட்டது இந்த 0.45 புள்ளியைத்தான்.

பக்கவிளைவும் உண்டு. மருந்து பெற்றவர்களில் 100-க்கு சுமார் 13 பேருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. பலருக்குத் தொந்தரவு இல்லை என்றாலும், சிலருக்கு ஆபத்தாகலாம். 2023-ல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தபோது, இதுபற்றிக் கடுமையான எச்சரிக்கையும் சேர்த்தே கொடுத்தது.

ஆக, அப்பா பழையபடி ஆவாரா? மாட்டார். நோயின் வேகம் கொஞ்சம் குறையலாம். அதுவும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால்தான். 'வயசானா மறதி சகஜம்' என்று விட்டுவிடாதீர்கள். இதுபோன்ற சோதனையில் சேரச் சொன்னால், "போலி மருந்து உண்டா? எத்தனை ஸ்கேன்? நடுவில் விலகலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகுவது உங்கள் உரிமை!