எரிவாயுவை அளப்பது எங்ஙனம்?

பாலைப் படியால் அளக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத இயற்கை எரிவாயுவை அளப்பது எங்ஙனம்? வீடுகளில் பொருத்தப்படும் மீட்டரினுள் துருத்தி போன்ற அறைகள் உள்ளன. முன்னாளில் இத்துருத்திகள் தோலால் செய்யப்பட்டன. இந்நாளில் செயற்கை ரப்பர் பயன்படுகிறது. அறைகள் மாறி மாறி நிரம்பி வடிவதைப் பற்சக்கரங்கள் எண்ணிக் கன மீட்டர் கணக்கில் காட்டும். சிறு சுடருக்குச் செல்லும் வாயுவும் இதற்குத் தப்புவது அரிது. ரொட்டிச் சாலை, சிறு தொழிற்சாலை ஆகியவற்றுக்கு, எட்டு வடிவ உருளைகள் இரண்டு சுழலும் மீட்டர் ஏற்றது.

பெருங்குழாய்களிலோ காற்றாடி போற் சுழலும் டர்பைன் மீட்டரை அமைப்பர். சீரான பெரிய ஓட்டத்திற்கு அது நன்று. ஓட்டம் மிகக் குறைந்தால் சரிவரச் சுழலாது; திடீரென நின்றாலோ, சற்று நேரம் வீணே சுழன்று, செலவாகாத வாயுவுக்கும் கணக்கு எழுதிவிடும்! விட்டுவிட்டு எரியும் உலைகளுக்கு இதனைப் பொருத்தினால் வாங்குவோருக்கே நட்டம். ஒலி செல்லும் நேரத்தைக் கொண்டு அளக்கும் மீட்டரில் சுழலும் உறுப்பே இல்லையாதலின் இக்குறை நேராது. நெடுந்தூரக் குழாய்களில் அதுவும் இன்று பயன்படுகிறது.