கை கழுவ பெட்ரோலா?

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு பக்கத்து டூவீலர் ஒர்க்‌ஷாப்களில் கடை அடைக்கும் நேரம் போய் நின்றால் இதைப் பார்க்கலாம். கார்புரேட்டர் கழுவிய டப்பாவில் மிச்சம் கிடக்கும் பெட்ரோலில் கையை முக்கி, பஞ்சு வேஸ்ட்டால் துடைத்துக்கொண்டு பையன்கள் டீக்கடைக்குக் கிளம்புவார்கள். கிரீஸ் பளிச்சென்று போய்விடும், உண்மைதான். தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையும் அதோடு போகும். நாளடைவில் கை வறண்டு வெடிக்கும். வெடித்த தோல் வழியாக அடுத்த முறை பெட்ரோல் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். அந்தக் கையோடுதான் வடையும் சாப்பிடுகிறார்கள்.

வாசனையில் என்ன இருக்கிறது?

பெட்ரோல் என்பது ஒரே பொருள் கிடையாது. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்த திரவம் அது. பென்சீன், டொலுவீன், சைலீன், ஹெக்சேன் எல்லாம் அதற்குள் உண்டு. இப்போது எத்தனாலும் சேர்கிறது. போதாததற்கு, என்ஜினில் கரி படியாமலிருக்க, டேங்க் துருப்பிடிக்காமலிருக்க, வைத்திருந்தால் பிசின் கட்டாமலிருக்க என்று தனித்தனி ரசாயனங்களையும் துளி அளவில் கலக்கிறார்கள். இந்தச் சேர்மானங்களைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பயப்பட வேண்டியது பெட்ரோலிலேயே இருக்கும் பென்சீனுக்குத்தான்.

மூச்சு வழியாகப் போகும் பென்சீனை கல்லீரல் உடைக்கிறது. அப்போது உண்டாகும் பொருள்கள் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகின்றன. ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் இடம் அதுதான். பல வருடம் தொடர்ந்தால் ரத்த அணுக்கள் குறையலாம், ரத்தப் புற்றுநோயும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் பென்சீனை எப்போதோ வைத்துவிட்டது. 2025-ல் பெட்ரோலையே அந்தப் பிரிவில் சேர்த்தது.

இந்தியாவில் ஒரு காலத்தில் பெட்ரோலில் 5 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம் என்றிருந்தது. இப்போதைய வரம்பு 1 சதவீதம். ஒன்றுதானே என்று தோன்றும். ஒரு லிட்டருக்கு 10 மில்லி வரை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஈயம் கலந்த காலம்

பெட்ரோலில் கலந்த பொருள்களில் படுமோசமானது டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம். என்ஜின் தட்டாமல் ஓட அதைக் கலக்கலாம் என்று 1921-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் தாமஸ் மிட்க்லி. 1924-ல் நியூஜெர்சியின் பேவே ரிஃபைனரியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். அந்த மாதமே மிட்க்லி நிருபர்களைக் கூட்டி, பயமே வேண்டாம் என்று காட்ட அந்தத் திரவத்தைத் தன் கையில் ஊற்றிக் கழுவினார். அதற்கு முந்தைய வருடம் ஈய நஞ்சேறி ஓய்வெடுக்கப் போனவரும் அவரேதான்! இந்தியா முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

ரிஃபைனரியிலும் ரோட்டோரத்திலும்

மணலி மாதிரியான ரிஃபைனரிகளில் பெட்ரோலோடு வேறு கரைப்பான்களும் புழங்குகின்றன. மசகு எண்ணெயிலிருந்து மெழுகைப் பிரிக்க மெத்தில் எத்தில் கீட்டோனும் டொலுவீனும் பயன்படுத்தும் முறை உண்டு. ஆனால் அங்கே எல்லாம் மூடிய குழாய்க்குள் ஓடுகிறது. வாயுக் கசிவை எச்சரிக்கக் கருவி உண்டு, ஆளுக்குக் கையுறை உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்களில் பென்சீன் நஞ்சையும் சேர்த்தது. அதே பெட்ரோல் நம் ஊர் பங்க்குக்கும் பட்டறைக்கும் வரும்போது இதில் எதுவும் கூட வருவதில்லை.

பங்க்கில் கன் ‘டக்’கென்று நின்ற பிறகும் “ரவுண்டா போடுங்கண்ணே” என்கிறோம். டேங்க் நிரம்பியதா என்று குனிந்து வேறு பார்க்கிறோம். வாய் வரை நிரம்பும்போது வெளியே தள்ளப்படும் ஆவி, நமக்கு ஒரு நிமிடம். பிடித்து நிற்கும் பெண்ணுக்கு ஷிஃப்ட் முழுக்க. அவர் முகத்தில் கட்டியிருக்கும் துப்பட்டா தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. என்95 மாஸ்க்கும் அப்படியே. கரித்துகள் வடிகட்டி வைத்த முகமூடிதான் ஆவியைப் பிடிக்கும்.

வாய் வைத்து உறிஞ்சுவது

மலையடிவாரத் தோப்புகளில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயருக்காக, வண்டி டேங்க்கில் டியூபை விட்டு வாயால் இழுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் இதில் ஆபத்து. ஒரு மடக்கு புரையேறினாலே ரசாயன நிமோனியா வரலாம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குழந்தை குடித்தாலும் இதே கதைதான்.

அப்படிக் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். வாந்தியாக மேலே வரும்போதுதான் மூச்சுக்குழாயில் இறங்கும். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு 108-ஐ அழையுங்கள். இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்துக்கூட வரும். ஆகவே பிள்ளை விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

பட்டறைக்காரர்களுக்கு

கிரீஸ் கைக்கு முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணியால் வழித்துவிட்டு, பிறகு சோப்பு. கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். பார்ட்ஸ் கழுவ நைட்ரைல் கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் கழுவுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பரவும், குழியில் தங்கும், தூரத்துப் பொறியிலும் பற்றும். பெட்ரோல் தெறித்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை முழு ரத்த அணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பெரிய செலவில்லாத சோதனை. ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் திட்டு, அடிக்கடி காய்ச்சல், விடாத அசதி இருந்தால் அதற்கும் முன்னாலேயே டாக்டரிடம் போக வேண்டும். போகும்போது எத்தனை வருடமாக பங்க்கிலோ பட்டறையிலோ வேலை பார்க்கிறீர்கள் என்பதை, டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.