பெரியப்பா போட்ட ரீயூனியன் ட்ரிப்... டிக்கெட்டுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டைப் பாருங்க!

பாண்டிச்சேரியில் 'சொல்தா வீடு'ன்னு சொன்னா போதும், எல்லோருக்கும் புரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவங்க வீடு, பென்ஷன் யூரோவில் வரும். அப்படி ஒரு வீட்டுப் பெரியப்பா திடீர்னு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில், 'இந்த லீவுக்கு எல்லாரும் ரீயூனியன் தீவு'ன்னு அறிவிக்கிறார்னு வைங்க. அவர் மகள் அங்கேதான் இருக்காங்க. தங்க இடம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. ஹார்ட் எமோஜியா பறக்கும். விசா பத்தி மட்டும் யாரும் மூச்சு விட மாட்டாங்க.

சிக்கலே அங்கேதான். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைஞ்சது. இங்கேயே பிறந்து வாழ்ந்தவங்க பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்கணும்னா, ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். அண்ணன் கொடுத்திருப்பார், தம்பி கொடுத்திருக்க மாட்டார். அதனால ஒரே குடும்பத்தில் ரெண்டு விதமான பாஸ்போர்ட். பெரியப்பாவுக்கு ரீயூனியன் போறது உள்ளூர் பயணம் மாதிரி. உங்களுக்கு விசா வேணும்ங்கிறது அவருக்குத் தோணவே தோணாது!

ரீயூனியன் பிரான்ஸின் ஒரு பகுதி, அங்கே யூரோதான் ஓடும். ஆனா, ஷெங்கன் எல்லைக்குள் வராது. பாரீஸ் போக வாங்கின ஷெங்கன் விசாவைக் காட்டினா செல்லாது. விண்ணப்பத்திலேயே ரீயூனியன்னு குறிப்பிடணும். சொந்தக்காரங்க வீட்டில் தங்குறதா இருந்தா, 'இவங்களை நான் தங்கவைக்கிறேன்'னு அந்த வீட்டுக்காரங்க அங்கே உள்ள மேரியில் சான்றிதழ் வாங்கி அனுப்பணும். ஆமா, நம்ம பீச் ரோட்டில் இருக்கே, அதே பேருதான். அங்கே அதுதான் நகராட்சி. அந்தப் பேப்பர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி, ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டில் கையை வைக்காதீங்க. 'பெரியப்பா பார்த்துப்பார்'னு இருந்தா, அவங்க மட்டும் ஃப்ளைட் ஏறுவாங்க, நீங்க ஸ்டேட்டஸ் பார்த்துட்டு இருப்பீங்க. மொரிஷியஸ் வழியா போனா ஒரு வசதி: டூரிஸ்ட்டா போற இந்தியர்களுக்கு அங்கே முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. ரெண்டு நாள் சேர்த்துக்கலாம்.

'தீவுதானே, கடல்ல குதிச்சுட்டே இருக்கலாம்'னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. சுறா தாக்குதல்களால், 2013-ல் இருந்து லகூனுக்கும் கண்காணிப்பு உள்ள இடங்களுக்கும் வெளியே குளிக்கத் தடை இருக்கு. ரீயூனியனின் உண்மையான அழகு மலைதான். பிதோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர் உயரத்தில் இன்னும் உயிரோட இருக்கிற எரிமலை. மஃபாத் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு ரோடே கிடையாது. நடக்கணும், இல்லைன்னா ஹெலிகாப்டர். நம்ம மே, ஜூன் லீவு அங்கே குளிர்காலம். எரிமலைப் பக்கம் விடியற்காலையில் பல்லு தந்தியடிக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். சைவக்காரங்க 'ரூகாய்'னு யாராவது நீட்டினா, உள்ளே என்ன இருக்குன்னு கேட்டுக்கோங்க. பெரும்பாலும் பன்றி சாஸேஜ். 'பொன்பொன் பிமான்' பயமில்லாம சாப்பிடலாம், கிட்டத்தட்ட நம்ம வடைதான்.

ப்ளானில் கடைசி நாள் ஷாப்பிங்னு இருந்தா, அதை மட்டும் மாத்தச் சொல்லுங்க. சென்-ஆந்த்ரே ஊருக்குப் போங்க. 1848-ல் அங்கே அடிமைமுறை ஒழிஞ்ச பிறகு, கரும்புத் தோட்ட வேலைக்கு புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாவும் ஆட்களைக் கப்பலேத்தினாங்க. அவங்க வாரிசுகள் இன்னைக்கும் தீமிதிக்கிறாங்க, காவடி எடுக்கிறாங்க. பேரு ராமசாமின்னு இருக்கும், ஆனா பலருக்குத் தமிழ் பேச வராது. அங்கே உங்களுக்கு மொழிபெயர்க்கப் பெரியப்பாதான் வேணும்.