கணிப்பொறி எழுதும் நாட்குறிப்பு

பாகூர்ச் செப்பேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்ட செய்தி அதில் உள்ளது. எதைப் பொறிப்பது, எதை விடுவது என்று அன்று மனிதர்களே முடிவு செய்தனர். இன்றோ, நாம் பார்ப்பதையெல்லாம் தானாகவே பதிந்துகொள்ளும் மென்பொருள்கள் வந்துவிட்டன!

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘ரீகால்’ என்னும் வசதியை அறிவித்தது. திரையில் காட்சி மாறிக்கொண்டிருந்தால், சில விநாடிகளுக்கு ஒருமுறை இது படமெடுக்கும். 5 விநாடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 720 படங்கள்!

இவ்வளவு படங்கள் எதற்கு? “நேற்று நான் படித்த ஒளிவிலகல் பாடம் எங்கே?” என்று செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கேட்கிறீர்கள். உங்கள் நேற்றைய வேலை அதற்குத் தெரியாதல்லவா? சூழல் தெரிந்தால்தான் அது பொருத்தமாக விடை கூறும். ஆகவே படங்களிலுள்ள எழுத்துகளை மென்பொருள் படித்து, நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவைப் போல் தொகுத்து வைக்கிறது. கேள்வி வந்ததும் தொடர்புள்ள பகுதியை எடுத்துத் தருகிறது.

பயனுள்ள வசதிதான். ஆனால் முன்னோட்ட வடிவத்தை ஆய்வாளர்கள் சோதித்தபோது, பிரித்தெடுத்த எழுத்துகள் மறையாக்கமின்றி ஒரு கோப்பில் கிடந்தன. கணிப்பொறிக்குள் புகுந்த எவரும் படித்துவிடலாம்! எதிர்ப்பு எழவே வெளியீடு தள்ளிப்போயிற்று. 2025 ஏப்ரலில், அதற்கென அமைந்த புதுவகைக் கணிப்பொறிகளில் மட்டும் அது வெளிவந்தது. உரியவர் இயக்கினால்தான் இயங்கும். பதிவுகள் மறையாக்கத்துடன் அக்கணிப்பொறியிலேயே தங்கும்.

சிக்கல் தீர்ந்ததா? வில்லியனூரில் ஒரு கணினி மையத்தில் சென்டாக் விண்ணப்பம் நிரப்பும் மாணவியை எண்ணிப் பாருங்கள். ஆதார் எண், மதிப்பெண், தந்தையின் வருமானம் எல்லாம் திரையில் தோன்றுகின்றன. அங்கே இத்தகைய பதிவு மென்பொருள் ஒன்று இயங்கினால், பக்கத்தை மூடிய பின்னும் படம் இருக்கும். இயக்கியவர் ஒருவர், பதிவாகிறவர் வேறொருவர். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே! அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துள்ளனர். ஆகவே பொதுக் கணிப்பொறியில் அமரும் முன், “இதில் திரை பதிவாகிறதா?” என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இறுதியாக ஒரு கணக்கு: ஒரு படம் 100 கிலோபைட் எனக் கொள்வோம். நாள்தோறும் 4 மணி நேரம் பதிந்தால் 30 நாளில் எவ்வளவு இடம் தேவை? விடை கண்டபின், அதில் நீங்களே விரும்பிச் சேமித்திருக்கக்கூடியது எவ்வளவு என்றும் யோசியுங்கள்.